அடுப்புக்குப் பின்னால் ஒரு பலகை

மசாலா சாமான்களுக்கு முதல் எதிரி ஈரம்தான், ஐயா. உங்கள் ஊர்ப் பக்கம் எப்படியோ, இங்கே மத்திகிரியில் ஆடி பிறந்துவிட்டால் தூறல் விடாது. உப்பு நீர்விடும், மிளகாய்த்தூள் கட்டிதட்டும், மல்லியில் பூஞ்சை பிடிக்கும். சமையலறை கட்டும்போது மற்றவர்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று யோசிப்பார்கள். நான் டப்பாக்கள் எந்தப் பக்கம் என்று யோசிப்பேன்.

உங்களுக்கு முன்னால் வந்த இன்ஸ்பெக்டர் ஸ்டவ்வைப் பற்றி மட்டும்தான் கேட்டார். அதிகமாகப் பம்ப் அடித்தாளா, சீமெண்ணெய் வழிந்ததா, வாஷர் பழசா, இவ்வளவுதான். இந்தப் பலகையை இங்கே அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். கேட்டதால் சொல்கிறேன். நான்தான்.

என் பேர் சவரியம்மாள். இன்னாசிமுத்து என் தம்பி. அப்பாவும் அம்மாவும் காலராவில் போனபோது அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடத் தெரியாது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். போனவர்கள் திரும்பி வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. அவனை வளர்த்தேன், படிக்கவைத்தேன், மாட்டுப் பண்ணையில் ஸ்டோர் வேலையில் அமர்ந்தான். வாடகை வீட்டில் ஒரே அடுப்பு, அது என் கையில் இருந்தது. அவன் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் தட்டை வழித்துக்கொண்டிருப்பதைப் பார்ப்பதுதான் எனக்கு நாள் முழுக்கக் கிடைக்கும் சந்தோஷம்.

ஜெயசெல்வியை நானே பார்த்துத்தான் அவனுக்குக் கட்டிவைத்தேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், சிரித்த முகம். நல்லவள். இதை எழுதிக்கொள்ளுங்கள், பிறகு நான் மாற்றிப் பேசியதாக இருக்கக் கூடாது.

வந்த கொஞ்ச நாளிலேயே டப்பாக்களை இடம் மாற்றினாள். "அண்ணி, இது இங்க இருந்தா கைக்குச் சுளுவா இருக்கும்" என்பாள். அவள் கைக்குச் சுளுவாக இருந்திருக்கும். ஒரு நாள் ரசம் கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் கரண்டியும் கையுமாக நின்று, "சீரகம் எங்கம்மா வெச்சிருக்க?" என்று அவளைக் கேட்டேன். நான் கேட்டேன், ஐயா, என் சமையலறையில். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் தம்பி இந்த மனையை வாங்கி, வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினான். வாடகை வீட்டில் நடுவில் ஒரு தட்டிதான் சுவர். ஒரு நாள் விடிகாலையில் அவள் அவனிடம் சொல்வது கேட்டது.

"புது வூட்டுக்குப் போனதும் அண்ணிய ஊத்தங்கரைல உங்க சித்தி வூட்டுல கொஞ்ச நாளு வெச்சிப் பாக்கலாங்க. ஒரு சமையக்கட்டுல ரெண்டு பேரு நின்னா சரிப்பட்டு வர்ல."

"வீடு முடியட்டும், பாக்கலாம்" என்றான் என் தம்பி.

முடியாது என்று சொல்லவில்லை. இன்றுவரை நான் அவளுடைய பேச்சை மறந்தாலும் மறப்பேன், அவனுடைய இந்தப் பதிலை மறக்க முடியவில்லை. சித்தி வீட்டில் ஒரு மூலையும் ஒரு தட்டுச் சோறும் எனக்குக் கிடைக்கும், அதைப் பற்றிச் சந்தேகமில்லை. ஆனால் அது யாரோ சமைத்த சோறு.

மறுநாளே அவன் என்னிடம் வந்தான். மனசு குறுகுறுத்திருக்கும் போல. "அக்கா, சமையக்கட்டு உன் இஷ்டம். எது எங்க வரணும்னு நீயே மேஸ்திரிகிட்ட சொல்லிடுக்கா" என்றான். வீட்டை விட்டுப் போகப்போகிறவளிடம் வீட்டுக்குத் திட்டம் கேட்டான். நான் சரி என்றேன். உண்மையாகவே ஆர்வமாகத்தான் யோசித்தேன்.

ஜெயசெல்விக்கு, பெங்களூரில் இருக்கும் அவள் அக்கா வீட்டைப் போல நின்றுகொண்டு சமைக்கிற மேடை வேண்டும் என்று ஆசை. உடனே ஒத்துக்கொண்டேன். விறகடுப்பு வேண்டாம், பம்ப் ஸ்டவ் போதும் என்றாள். அதற்கும் ஒத்துக்கொண்டேன். ஸ்டவ்வை மேடையின் உள்மூலையில் வைத்தேன், காற்று படாத இடம். தண்ணீர்க் குடங்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனேன், ஈரம் உள்ளே வரக்கூடாது அல்லவா. புளி, மல்லி, பருப்பு எல்லாம் மேடைக்குக் கீழே. கடுகு, சீரகம், பெருங்காயம் மூன்றுக்கும் ஸ்டவ்வுக்குப் பின்னால், சுவரில், தலை உயரத்துக்கு ஒரு பலகை.

மேஸ்திரி ராமப்பன் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் பேச்சில் கன்னடம் பாதி, தமிழ் பாதி. "பேடாக்கா, அங்க வேணா. ஸ்டவ் மேல கைய நீட்டித்தான் எடுக்கணும். சீலை பத்திக்கும்" என்றான்.

"சூடு படுற எடத்துல இருந்தாத்தான் நமுத்துப் போவாது. ஆம்பளைக்குச் சமையல் என்ன தெரியும்? அடிப்பா" என்றேன்.

அவன் அடித்தான். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் அடுப்புச் சூட்டில்தான் உப்பும் புளியும் வைப்போம். வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியார்கூடப் பலகைக்கும் சேர்த்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு, "எல்லாம் கைக்கு எட்டுற மாதிரி அமைச்சிருக்கீங்கம்மா" என்று பாராட்டினார். நானும் அதே பலகையில்தான் தினமும் எடுத்தேன், வைத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஏன் ஆகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நான் முரட்டுப் பருத்தி கட்டுகிறவள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் அடுப்பிடம் போவேன். எண்ணெய் வைப்பதற்கு முன்னாலேயே தாளிக்கிற சாமானை எடுத்துக் கீழே வைத்துக்கொள்வேன். ஜெயசெல்விக்கு இரண்டு பழக்கமும் இல்லை. முந்தானையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பாள். எண்ணெய் புகையத் தொடங்கிய பிறகுதான் கடுகு நினைவுக்கு வரும். எண்ணெய் காய்ந்த பிறகு எந்தப் பெண்ணும் ஸ்டவ்வை அணைத்துவிட்டுக் கடுகு எடுக்க மாட்டாள், ஐயா. எட்டித்தான் எடுப்பாள். மூன்று சாமான்களை மட்டும் நான் அங்கே வைத்ததற்குக் காரணம் இதுதான். ஈரம்தான் காரணம் என்றால் உப்பை அல்லவா அங்கே வைத்திருக்க வேண்டும்? முந்தைய இன்ஸ்பெக்டருக்கு இது தோன்றவில்லை. அவர் வீட்டில் சமையலறைக்குள் போகமாட்டார் போல.

முந்தானையைச் செருகிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

புது வீட்டுக்கு வந்ததற்காக அவளுக்கு ஒரு நைலக்ஸ் சேலை எடுத்துக் கொடுத்தேன். நானே பஸ் ஏறிப் பெங்களூர்ச் சிக்பேட்டைக்குப் போய் வாங்கினேன், நீல நிறம். அதைக் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினாள். நாத்தனார் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக் கெம்பம்மா சொன்னாள். நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் மாறியதே, அதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் கோயிலில் ஒரு பெண்ணின் நைலான் தாவணியில் மெழுகுவத்தி பட்டதைப் பார்த்திருந்தேன். பருத்தி எரிந்தால் பிய்த்து எறிந்துவிடலாம். நைலானும் நைலக்ஸும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண் கையை உதறிக்கொண்டு கத்தியது இப்போதும் காதில் இருக்கிறது. சேலைக்கடையில் நின்றபோதும் இருந்தது.

ஆனாலும் சாவு வரை நான் யோசிக்கவில்லை. கை கொஞ்சம் வெந்து, மிரண்டுபோய், சமையலறையை என்னிடமே விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் சொல்லும்போது அது அவ்வளவு பொருத்தமாக இல்லை.

அன்று சனிக்கிழமை. தம்பி மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, அவளை ஓசூருக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதாக இருந்தான். "அந்த நீலத்தக் கட்டிக்கம்மா, உனக்கு எடுப்பா இருக்குது" என்றேன். கட்டிக்கொண்டாள். ரசம் மட்டும் தாளிக்க வேண்டியிருந்தது. நான் தாளிக்கட்டுமா என்று கேட்கவில்லை, வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். வாணலியில் எண்ணெய் ஊற்றுகிற சத்தம் கேட்டது. எழுந்து உள்ளே போனேன். நான் கதவருகே போவதற்கும் அவள் பலகைக்குக் கை நீட்டுவதற்கும் சரியாக இருந்தது.

அவளைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாவதற்கு முன்னால் அங்கே மாஜிஸ்திரேட் வந்து கேட்டபோது அவளுக்கு நினைவு இருந்திருக்கிறது. "யாரு மேலயும் தப்பு இல்லீங்க. நாந்தான் அவசரப்பட்டுக் கைய நீட்டிட்டேன். அண்ணிய ஒன்னும் கேக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்று நான் நன்றாகத் தூங்கினேன். என்னை மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். தெரியாதவளால் எப்படி மன்னிக்க முடியும் என்று அப்போது யோசிக்கவில்லை.

தம்பி இப்போது பண்ணைக்குள்ளேயே யாருடனோ தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூரத்தில் நிற்பான், பார்ப்பேன். ஓட்டலில் சாப்பிடுகிறானாம். சமையலறை இனி முழுக்க என்னுடையது, எந்த டப்பாவும் இடம் மாறுவதில்லை. ஒருத்திக்குப் பொங்குவதற்குச் சமையலறை எதற்கு என்று சில நாள் தோன்றும். அடுப்பை மூட்டாமலே படுத்துவிடுவேன்.

அவள் கத்தியபோது நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நான் மலைத்துப்போய் நின்றுவிட்டதாகக் கெம்பம்மா உங்களிடம் சொல்லியிருப்பாள். பாவம், அவள்தான் வேலியைத் தாண்டிச் சாக்கோடு ஓடி வந்தவள். அவள் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்கும்.

நான் மலைக்கவில்லை. ஜெயசெல்வி "அண்ணி, தண்ணி" என்று கூவிக்கொண்டு என்னை இடித்துத் தள்ளிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். ஸ்டவ் எரிந்துகொண்டே இருந்தது, எண்ணெய் அளவுக்கு மேல் புகைந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் தாளிப்பு கசந்துவிடும். தம்பி வருகிற நேரம். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு, எட்டிக் கடுகை எடுத்துப் போட்டேன். வெடித்து அடங்குகிற வரை நின்றேன். சீரகம் போட்டேன், பெருங்காயம் போட்டேன், ரசத்தில் கொட்டி மூடினேன். ஸ்டவ்வை அணைத்தேன். அதற்கப்புறம்தான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனேன்.

ரசம் நன்றாக வந்திருந்தது, ஐயா. தம்பி அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. இந்தக் காரியத்தில் எனக்கு மனக்குறை என்று ஒன்று இருந்தால், அது ஒன்றுதான்.