லென்ஸ் தானாகத் திரும்பவில்லை

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் முதல் ஒரு மணி நேரம்தான் அடங்காது. பிறகு வைத்த இடத்தில் இருக்கும். கோஸ்தாதினுக்கு வைத்தது தானாகத் திரும்பிவிட்டதாக ஸ்மோலியன் ஊர் முழுக்கப் பேச்சு. பாவம், டாக்டர் என்ன செய்வாள் என்கிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சலாக வருகிறது. நான் அத்தனை மோசமாக வேலை செய்கிறவள் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன், காளான் பறிக்கப் போன என் மகன் லூபோவை வேட்டைக்கு வந்த கோஸ்தாதின் சுட்டார். கருவிழியில் கோணல், எதுவும் கலைந்துதான் தெரியும், பன்றி என்று நினைத்துவிட்டேன் என்றார். நீதிமன்றம் விட்டுவிட்டது. எங்கள் ஊர் வழக்கப்படி லூபோ படம் போட்ட இரங்கல் தாளை வருடாவருடம் புதிதாக அச்சடித்து என் வாசற்கதவில் ஒட்டுகிறேன். அதைக் கடந்துதான் அவர் குடிக்கப் போவார்.

நான் மன்னித்துவிட்டதாக ஊரே நம்பியது. அவரும் நம்பினார். போன வசந்தத்தில் கண்புரைக்கு என்னிடமே வந்தார்.

"கோணலையும் சேத்து நிமித்திடுங்க டாக்டரம்மா. இந்தக் கண்ணு ஒழுங்கா இருந்திருந்தா அன்னைக்கு அப்படி ஆயிருக்குமா?"

அவரை உட்காரவைத்து, கருவிழியோரம் மையால் குறி வைத்தேன். கோணலைச் சரிசெய்யும் லென்ஸ் அந்தக் குறிக்கு நேராக உட்கார வேண்டும். முப்பது டிகிரி விலகினால் போட்டதும் போடாததும் ஒன்று; அதற்கு மேல் போனால் கோணல் முன்பைவிடக் கூடும். இரண்டு கண்ணிலும் நான் அறுபது விலக்கி வைத்தேன். ஒரு டிகிரிகூட நகரக் கூடாது என்று, அறுவைக்காக உள்ளே விட்ட, லென்ஸை வழுக்கவைக்கும் கூழைத் துளி விடாமல் உறிஞ்சி எடுத்தேன்.

கலங்கலாகத் தெரிகிறது என்று வந்தபோதெல்லாம், பழகிவிடும் என்றேன். துப்பாக்கி உரிமத்துக்கு, பார்வை நன்றாக இருக்கிறது என்று நானே சான்றிதழும் கொடுத்தேன். மகன் ஆஸென் இல்லாமல் அவர் வேட்டைக்குப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆஸென் நல்ல பையன். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் அப்பாவைத்தான் வெறுத்தேன், தினமும் வெறுத்தேன். அவர் சாக வேண்டாம், நான் பட்டதைப் பட்டால் போதும் என்றிருந்தேன்.

நவம்பரில் அது நடந்தது. இந்த முறையும் பன்றி என்றுதான் நினைத்தாராம்.

நாற்பதாம் நாள் கழிந்ததும் வந்தார். தன் வீட்டுக் கதவில் ஒட்டிய தாளில் மகன் முகம் கலைந்து தெரிகிறது என்றார்.

"அவன் மொகத்தையாவது சரியாப் பாக்கணும் டாக்டரம்மா."

அந்த வாரமே இரண்டு லென்ஸையும் சரியான கோணத்துக்குத் திருப்பி வைத்தேன். மறுநாள் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்தார். இனி அவை அசையாது. ஆஸெனின் இமை மயிர்கூட இப்போது அவருக்குத் தெரியும்.

பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.