துடைச்ச முகம்

ஓம் அக்கா, நான்தான் சிவசக்தி. அப்பிடிப் பாக்காதேங்கோ. பிறந்தது சீனாவில. ரெண்டு வயசில அம்மாவும் அப்பாவும் தத்தெடுத்து, ஜெர்மனிக்கு, இந்தக் கொலோனுக்குக் கொண்டுவந்தவை. வீட்டில தமிழ்தான். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. பொலிஸ் உங்களைக் கூப்பிட்டது அம்மாவுக்கு, சாட்சி சொல்ல. அவ உள்ள போகமுதல் நான் சொல்லுறதைக் கேளுங்கோ.

அந்த மிரியம், படமெடுக்கிறவள், அவளும் என்னைப்போலதான், சீனாவில இருந்து வந்த பிள்ளை. எங்களைப்போல ஆக்களைத் தேடிப் பிடிச்சு, முகங்களைப் படமெடுத்துக் கண்காட்சி வைக்கிறாள். நல்ல விசயம்தானேயெண்டு நானும் ஓமெண்டனான். படமெண்டால் அம்மா சும்மா விடுவாவே? கூறைச்சீலை உடுத்தி, பூ வைச்சு, தன்ர கையால உச்சியில குங்குமமும் வைச்சுவிட்டவ. கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம்தானே, கண்பட்டிடுமெண்டு தானும் வந்து சுவரோட நிண்டவ.

மிரியம் கமராவுக்குள்ளால பாத்திட்டு, இதெல்லாம் வேசம், உன்ர முகம்தான் வேணுமெண்டாள். பூவைக் கழட்டினன். பிறகு ஈர டிஷ்யூவோட வந்து, நான் வாய் திறக்கமுதல் ஒரே இழுவையில துடைச்சுப்போட்டாள். தாலி கட்டின பிள்ளையின்ர குங்குமம், அக்கா!

அவ்வளவுதான். லைட் ஸ்டாண்டால மூஞ்சையில விழுந்தது அடி. மூக்கு உடைஞ்சு ரத்தம் சீறினது. விழுந்தாப் பிறகும் அடி. அவளின்ர பல்லு என்ர சீலையில வந்து விழுந்தது. சுவரில கொழுவியிருந்த மற்றப் பிள்ளையளின்ர படமெல்லாம் நொறுங்கிப்போச்சு. போதும் போதுமெண்டு அவள் கையை நீட்ட, அந்தக் கையிலயும் அடி. விரல் முறிஞ்ச சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது. பாவமோ? எனக்கு ஒரு பாவமுமில்லை. அடிச்சது நானெண்டு பொலிசிட்டைச் சொல்லிப்போட்டன்.

இப்ப அம்மா உள்ள போனோடன, நான்தான் அடிச்சனான், இன்னும் அடிப்பனெண்டு கத்துவா. உண்மையைத்தான் சொல்லுவா. நீங்கள் அதை ஜெர்மனில மகள்தான் அடிச்சவ எண்டு மாத்திச் சொல்லுங்கோ. மிரியம் ஆஸ்பத்திரியில, இன்னும் கதைக்கிற நிலையில இல்லை. அவ இருதய வருத்தக்காரி, உள்ள போட்டால் தாங்கமாட்டா.

ஏலாதோ? எழும்பாதேங்கோ அக்கா, இதையும் கேட்டிட்டுப் போங்கோ. குங்குமத்துக்கு மட்டுமெண்டால் அம்மா கத்திப்போட்டு விட்டிருப்பா. துடைச்சுப்போட்டு அந்த மிரியம் சிரிச்சுக்கொண்டு சொன்னவள், இப்ப சீனாவில உன்ர சொந்த அம்மா கண்டாலும் உன்னை அடையாளம் கண்டுபிடிப்பாவெண்டு. முப்பது வருசமா ஜெர்மன் பிடிபடாத மனிசி, அதை மட்டும் விளங்கிக்கொண்டா.