ஒரே ஆக்சிலில் இரண்டு சுத்தியல்

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்து பால்கோவா தின்றுகொண்டே, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையத்தில் இருந்த ஒரு சுத்தியலை உடைத்தவன் நான். கையை நீட்டவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. இன்னொரு நூறு கிராம் கொடுங்கள் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அங்கே உடைந்துவிட்டது.

நம்பமாட்டீர்கள். இதை முதலில் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். அவனும் நம்பவில்லை. என் பேச்சுக்கு ஊரில் அப்படி ஒரு பெயர். பஞ்சாலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான், சோலைராஜ். நான் தும்மினால் சஞ்சீவி மலை திரும்பத் தும்மும். சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் எந்தக் கிழமை போகும் என்று சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவைதான் வியாழன் என்று சொல்லி வெள்ளிக்கிழமை போனது. அதுவும் அது லீப் வருஷம் என்பதால்.

சிவபாண்டியும் அதே ஒர்க்‌ஷாப். ஒரே வருஷம் சேர்ந்தோம், ஒரே மாதம் ரிட்டயர் ஆனோம். அவனைக் குறை சொல்ல ஒன்றும் கிடையாது. நானும் முப்பத்தெட்டு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். பொறாமை என் ஜாதகத்திலேயே இல்லை.

ரிட்டயர் ஆனதும் அவன் சேத்தூர் ரோட்டில், வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் போட்டு, உலை, ப்ளோயர், பட்டறைக்கல் எல்லாம் வைத்தான். கத்தி, அரிவாள் என்று பொழுதுபோக்காக அடித்துக்கொண்டிருந்தான். போன ஆவணியில் ஒருநாள், “கடைச் சுத்தியல் கைக்கு ஒட்டலடே. எனக்கான சுத்தியல நானே அடிக்கப் போறேன்” என்றான்.

“நானும் அடிக்கேன்” என்றேன்.

“தாராளமா அடி.”

தாராளம். அந்த வார்த்தையைக் கவனியுங்கள்.

பழைய லாரி ஆக்சில் துண்டு ஒன்று வாங்கி நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். ஒரே இரும்பு, ஒரே உலை, ஒரே கரி. பின்னால் இரும்பின் மேல் பழி போட எனக்கு வழியில்லாமல் போனது அதனால்தான்.

காம்பு நுழையும் துளையை டிரில்லில் போடக்கூடாது, கையாலேயே போடவேண்டும் என்பது அவன் சட்டம். இரும்பை மஞ்சளாகக் காய்ச்சி, ஒரு பக்கத்திலிருந்து உளியைப் பாதிவரை இறக்கவேண்டும். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கத்திலிருந்து பாதி. இரண்டு துளையும் நடுவில் சந்திக்கவேண்டும். அவனுடையவை மாமன் மச்சான் மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டன. என்னுடையவை பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஒன்றை ஒன்று தாண்டிப் போயின. வேலை முடிந்து பார்த்தால் என் சுத்தியலின் தலை ஒரு திசையைப் பார்த்தது, காம்பு அய்யனார் கோவிலுக்கு வழி காட்டியது.

கடைசி வேலை தோய்ச்சல். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இரும்பு கண்ணாடி மாதிரி கெட்டியாகும். கண்ணாடி மாதிரியே தெறிக்கவும் செய்யும். அதனால் பிறகு இளஞ்சூடு காட்டி அந்த முறைப்பைக் கொஞ்சம் இறக்கவேண்டும். அதற்கு டெம்பர் என்று பேர். சிவபாண்டி என்ன செய்தான் தெரியுமா. பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் காம்புத் துளைக்குள் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சூடு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பரவி, தட்டை முகமும் அதன் மறுமுனையும் ஒரே நொடியில் சரியான பதத்தைக் காட்டும் வைக்கோல் நிறத்துக்கு வந்தன. நான் முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

சுத்தியலைப் பார்க்கத் தெருவே வந்தது. எதிர்த்த டீக்கடை ஹுமாயூன் பாய் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, பட்டறைக்கல்லில் ஒரு தட்டுத் தட்டி, “கோவில் மணி கணக்கா பேசுதே அண்ணே” என்றார். என் மனைவி மாரிக்கனியும் வந்தாள்.

“எம்புட்டு அழகு. தொட்டில்ல போட்டு ஆட்டலாம் போல இருக்குண்ணே” என்று அவனிடம் சொன்னவள் என் பக்கம் திரும்பினாள். “உங்களுது எங்க?”

“ஆறுது” என்றேன்.

“நாலு நாளாவா?”

எல்லோரும் சிரித்தார்கள். சிவபாண்டி மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் போனபிறகு என் தோளில் கை போட்டு, “ஏலே சோலை, என்னுத நீ வச்சுக்க. நான் வேற ஒண்ணு அடிச்சுக்கிடுதேன்” என்றான்.

அவன் சிரித்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. அந்த மட்டுக்கு இது அவன் செய்த தப்பும்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை அவனும் அவன் மனைவி குருவம்மாளும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளைச் சேவிக்கப் போனார்கள். கூட்டம் அதிகம், திரும்பப் பொழுது சாய்ந்துவிடும் என்று ஷெட் சாவியை என்னிடம் கொடுத்தான். “பூன வந்து கரியில படுத்துக்கிடும். செத்த பாத்துக்க.”

பூனை வரவில்லை. நான் சுத்தியலைப் பார்த்துக்கொண்டேன். காம்பைக் கழற்றாமல், நடுவிலும் மறுமுனையிலும் ஈரச் சாக்கைச் சுற்றினேன். தட்டை முகத்தை மட்டும் கேஸ் டார்ச்சில் காட்டினேன். சிவப்பு எப்படி ஏறியது என்கிறீர்கள், ஓரத்துக்கும் நடுவுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. சொருக் என்று தண்ணீரில் இறக்கினேன். அந்த மாதிரி ஒரு தோய்ச்சலை இந்த ஜில்லாவில் எவனும் போட்டதில்லை, இனிப் போடவும் மாட்டான். பிறகு எமரித்தாளில் தேய்த்து, எண்ணெய் தடவி, இருந்த ஆணியில் இருந்த மாதிரியே மாட்டினேன்.

டெம்பர் மட்டும் போடவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். மறக்கவில்லை.

குருவம்மாள் கோவிலிலிருந்து வந்ததும் முதலில் எனக்குத்தான் துளசி கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் இரும்பைத் தொடமாட்டான். திங்கட்கிழமை பத்து மணிக்கு உலை மூட்டுவான். நான் ஒன்பதேகாலுக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். அங்கே எனக்கு ஒரு ஜோலியும் இல்லை. பால்கோவா தின்றேன். சிவபாண்டிக்கும் அரைக்கிலோ கட்டச் சொன்னேன். அவனுக்கு இனிப்பு பிடிக்கும். எது நடந்தாலும் மனிதனுக்கு வாயில் போட ஏதாவது வேண்டும்.

பத்து நாற்பதுக்கு மாரிக்கனி போன் செய்தாள்.

சுத்தியல் முகத்தின் ஓரம் தெறித்திருக்கிறது. தெறித்த சில்லு ஒரு நெல் அளவுகூட இல்லையாம். சிவபாண்டி வேலை நேரத்தில் பாதுகாப்புக் கண்ணாடி போடுகிறவன்தான். ஆனால் இரும்பின் நிறம் பார்க்க அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இறக்காமலே முதல் அடி அடிப்பான். ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருஷமாக, “கண்ணாடிய இறக்குடே” என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அன்று நான் ஊரில் இல்லை.

வலது கண்.

மதுரை ஆஸ்பத்திரியில் குருவம்மாளிடம் பால்கோவாப் பொட்டலத்தைக் கொடுத்தபோது, “கூடப்பொறந்தவனுக்குக்கூட இப்படித் தோணாதே அண்ணே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இதோடு முடிந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவன் ஒற்றைக் கண்ணோடு வீட்டுக்கு வந்து, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே பாட்டைப் பாடினான். “என் டெம்பர் பிசகிடுச்சு. கை தப்பிப்போச்சு. இனிமே உலப் பக்கம் போவக்கூடாது.” ஷெட்டைப் பூட்டினான். சாப்பாடு இறங்கவில்லை. கண் போன துக்கத்தைவிடக் கை பிசகிய துக்கம்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அதற்கும் ஊர் அவனைத்தான் மெச்சியது. ஹுமாயூன் பாய், “ஒருக்கா பிசகினா என்ன, அந்த மாதிரி சுத்தியல் வேற எவன் அடிப்பான்” என்றார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு முகத்தை அப்படிக் கெட்டியாக்கியது நான். ஒரு நூல் பிசகாமல் செய்தது நான். பெயர் அவனுக்கு. நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தேன். போன வாரம் அவன் வீட்டுக்குப் போய், பூனையிலிருந்து பால்கோவாவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

சிவபாண்டி சிரித்தான். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு அது என்றாள் குருவம்மாள்.

“ஏலே, எனக்கு ஆறுதல் சொல்லணும்னா நல்லா ஒரு பொய்யாச் சொல்லக்கூடாதா? பழிய உன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதியே. ஏட்டி குருவம்மா, இவனுக்குக் காப்பி போடு. எம்புட்டுப் பாசம் பாரு.”

“நான்தான் பண்ணினேன்.”

“உனக்கு நேராத் தொளை போடவே வராதே, சோலை. சாக்கு சுத்தி ஒரு முகத்த மட்டும் காய்ச்சினியாக்கும்?”

அந்தப் பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அலமாரியில் துணி சுற்றி வைத்திருந்த சுத்தியலை எடுத்தேன். அவன் டூல்ஸ் பெட்டியிலிருந்து அரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

“ஒரே கம்பிச் சூட்டுல ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணா டெம்பர் எறக்கின. பிசகினா ரெண்டும் பிசகியிருக்கணும். டெம்பர் எறங்காத முகத்துல அரம் பிடிக்காது. போட்டுப் பாரு.”

அவன் முதலில் நான் தொடாத மறுமுனையில் அரத்தைப் போட்டான். கிர் என்று பிடித்தது. பொடி உதிர்ந்தது. அவன் நினைத்து இறக்கிய அதே பதம். பிறகு சுத்தியலைத் திருப்பி, உடைந்த முகத்தில் போட்டான். பனிக்கட்டியில் ஓடுவது மாதிரி அரம் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு பொடி விழவில்லை. மறுபடியும் போட்டான். மூன்றாவது தடவை அழுத்திப் போட்டான். என் தோய்ச்சல் அசையவில்லை.

குருவம்மாள் கையில் காப்பி டம்ளரோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். சிவபாண்டி இருக்கிற ஒரு கண்ணால் என்னை வெகுநேரம் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏதோ பெரிய பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி மூச்சு விட்டான். பிறகு அவளைப் பார்த்துத் திரும்பினான்.

“ஏட்டி, என் கை பிசகலட்டி. நெசமாத்தான் சொல்லுதான். இது இவன் வேலதான்.”

இவன் வேலை என்றான். பெயரைச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும், முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் என் வேலையை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.