பெரியவரின் காது

காலை எட்டரை மணி மேட்டுப்பாளையம் பஸ். முன் சீட்டில் இருந்த பெண் டிக்கெட் எடுக்கப் பைக்குள் கைவிட்டவர், "அய்யோ, பெரியவரோட காது என்ர பையில இருக்குது!" என்றார்.

கையில் இருந்தது காது மெஷின். உடனே போன் போட்டார். பஸ் இரைச்சலுக்காக ஸ்பீக்கரில் வைத்ததால் எனக்கும் கேட்டது.

"டாக்டர், நைட் டியூட்டி பார்த்த டாக்டர்தானுங்க பேசறேன். மொபெட்ல இருந்து விழுந்தாரே, அந்தப் பெரியவரு எப்படி இருக்காருங்க?"

"குழப்பமாப் பேசறாருங்க. பேரைக் கேட்டா இட்லி சாப்பிட்டேங்கறாரு. தலைக்குள்ள ரத்தம் கசியுதோன்னு மறுபடியும் ஸ்கேனுக்கு அனுப்பப் போறேன்."

"அவருக்குக் காது கேக்காதுங்க! காதோரம் தையல் போடறப்ப மெஷினக் கழட்டி நான் வாங்கி வச்சேன். உங்ககிட்ட கேஸை ஒப்படைக்கறப்ப அத மட்டும் சொல்லாம உட்டுப்போட்டேன். பேப்பர்ல எழுதிக் காட்டுங்க."

போனில் பேப்பர் கிழிக்கிற சத்தம் கேட்டது. அவர் நகத்தைக் கடித்தார். கண்டக்டரும் டிக்கெட் கேட்காமல் நின்றார்.

"பேரு, ஊரு, கிழமை எல்லாம் சரியாச் சொல்றாருங்க. இப்ப மெஷின் எங்கன்னு உங்களத் திட்டறாரு."

"தெளிவாத் திட்டறாருங்களா?"

"ரொம்பத் தெளிவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே துடியலூரில் இறங்கி, திரும்பிப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைத் தாண்டி ஓடினார்.