எல்லாம் பச்சை

திரையில் ஒரு வரிக்கு இருபது எழுத்துதான் கொள்ளும் சார். சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லிவிட வேண்டும். மீட்டர் பெட்டியில் மாட்டும் ஃபியூஸ் கேரியர் சுடும் எங்கள் பீங்கான் சூளையில், கண்ட்ரோல் பேனலில் வரும் செய்திகளைப் பதினோரு வருடமாக நான்தான் எழுதி அமைக்கிறேன். பாண்டியன் எழுதினால் பிழை இருக்காது என்பார்கள்.

சூளை ஆபரேட்டர் சகாயத்துக்குப் படிக்கத் தெரியாது. அவன் பெண்டாட்டி ஆன் மேரியை விட்டால் எனக்கு மட்டும்தான் அது தெரியும். "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுண்ணே. தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க" என்று சேர்ந்த புதிதில் அழுதான். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துக் கையெழுத்துப் போடப் பழக்கினேன். அவனுக்காகவே செய்திகளுக்கு நிறம் வைத்தேன். பச்சை வந்தால் பற்றவைக்கலாம். சிவப்பு மின்னினால் உள்ளே கேஸ் தேங்கியிருக்கிறது, கிட்டவே போகக்கூடாது. கூடப் பிறந்தவன்கூட இவ்வளவு செய்யமாட்டான்.

அந்தச் சகாயம்தான் என் சோற்றில் மண்ணைப் போட்டான். நான் குடித்துவிட்டு வேலைக்கு வருவதாக மேனேஜருக்கு ஒரு புகார் போனது. நான் பீடிகூடக் குடிப்பதில்லை. ஆறு கையெழுத்தில் முதலாவது அவனுடையது. மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். மற்ற ஐந்து பேரை விடுங்கள், அவன் கையெழுத்து நான் பழக்கிக் கொடுத்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துரோகியிடம் என்ன கேட்பது?

நான் எதையும் உடைக்கவில்லை. திரை திருவிழாக் கடை மாதிரி இருக்கிறது, ஒழுங்குபடுத்து என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். போவதற்குள் அதை முடித்தேன். எல்லாச் செய்தியும் பச்சை, கண்ணுக்கு இதமாக. இனி நிறத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் படியுங்கள் என்று மற்ற ஷிஃப்ட்காரர்களிடம் சொன்னேன். சகாயத்திடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை 'கேஸ் தேக்கம், பற்றவைக்காதே' என்று வந்தது. விசாரணைக்கு வந்தபோது நீங்களே பார்த்தீர்கள், ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. அவன் பச்சையைப் பார்த்துப் பட்டனை அழுத்தினான். பழைய சூளை சார், தானாகத் தடுக்காது.

அடக்கத்தன்று ஆன் மேரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கேன்டீன் சோறு சரியில்லன்னு மனு எழுதுறோம்னு சொல்லித்தான் அவருகிட்ட கையெழுத்து வாங்குனாங்கண்ணே. ஒங்க மேல புகாருன்னு பொறவுதான் தெரிஞ்சுது. ஒங்க மூஞ்சிய எப்படிப் பாக்குறதுன்னு தவிச்சாரு" என்றாள்.

அழுத்துவான் என்று தெரிந்துதான் பச்சை வைத்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது அவன் தப்புதானே சார்.