விளக்கு எரிகிறவரை

மழைக்காலம் வந்தால் எனக்குப் பசி அதிகம். கார்த்திகை தீபத்தன்று காலையிலும் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் மலையடிவாரத்துக்குப் போனேன். மலை ஓடுகிறவன் விரதம் இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கில்லை.

எங்கள் ஊர் வழக்கம் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தீபத்தன்று மேலத்தெருவிலிருந்து ஒருவன், கீழத்தெருவிலிருந்து ஒருவன், காப்புக் கட்டிக்கொண்டு, இடுப்பில் நெய் நிரப்பி வாயை இறுக மூடிய பித்தளைத் தோண்டியோடு மலையேறி ஓடுவார்கள். உச்சியில் கல்மண்டபத்துக்குள் இருக்கிற கொப்பரையில் யார் முதலில் நெய்யை ஊற்றி விளக்கேற்றுகிறானோ, அவன் தெருவுக்குத்தான் அந்த வருஷம் ஏரியின் முதல் தண்ணீர். தோற்றவன் வெட்கப்பட்டு, விளக்கு அணைகிறவரை ஊருக்குள் முகம் காட்டமாட்டான். அதுவரை வேறு யாரும் மலையில் கால் வைக்கவும் கூடாது. வைத்தால் ஊருக்கே ஆகாது. இதெல்லாம் நான் போட்ட சட்டம் இல்லை.

மேலத்தெருவுக்காக ஓடி ஜெயித்து வந்தவன் தேவநாதன், என் மனைவியின் அண்ணன். ஐப்பசி பிறந்ததும் தோண்டியில் மணலை நிரப்பிக் கட்டிக்கொண்டு தினமும் மலையேறிப் பழகுவான். எங்கள் கீழத்தெருவில் வீட்டு முறை வைத்து ஓடுவோம். இந்த வருஷம் என் வீட்டு முறை. நான் மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு சந்தைக்குப் போவதும், விழுப்புரத்தில் டூரிங் டாக்கீஸ் பார்ப்பதுமாகப் பொழுதைப் போக்கினேன்.

"பச்சமுத்து மலை ஏர்றதுக்குள்ள பொங்கலே வந்துடும்" என்று கிணற்றடியில் பேசிச் சிரித்தார்கள். சிரித்தவர்களின் வயலும் தண்ணீரில்லாமல் காய்ந்துதான் கிடந்தது. அவர்களில் ஒருவனாவது எனக்குப் பதிலாக ஓடுகிறேன் என்று முன்வந்தானா என்றால் இல்லை.

அன்று விடாத மழை. பாதை முழுக்கச் சேறு. பாதி மலை ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது, தின்ற களி தொண்டைக்கு வந்தது. வழுக்குப்பாறைக்குக் கீழே ஒரு காலை வைத்தேன், முழங்கால்வரை புதைந்துவிட்டது. தேவநாதன் எனக்கு மேலே பாறைமீது நின்றிருந்தான். அவன் பாட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. காப்புக் கட்டியவர்கள் ஒருவரையொருவர் தொடக்கூடாது என்பதால் தலைத்துண்டை அவிழ்த்து ஒரு நுனியை என்னிடம் நீட்டினான்.

"புடிச்சிக்கினு மெதுவா ஏறு மாப்ள. ஒண்ணும் அவசரமில்ல" என்றான்.

அந்தப் பேச்சுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயிக்கப்போகிறவனுக்குத்தான் அவசரம் இருக்காது. துண்டைப் பிடித்து இழுத்தேன். ஏறுவதற்காக இழுத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். இல்லை, அவனை விழவைக்கத்தான் இழுத்தேன். என்னைத் தாண்டிப் போய்க் கீழே பாறையிடுக்கில் விழுந்தான். தொடையெலும்பு முறிந்த சத்தம் அந்த மழையிலும் கேட்டது. என் கால் சேற்றில் புதைந்திருந்ததால் நான் விழவில்லை. தெய்வம் என் பக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

காலைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். நல்ல நினைவோடுதான் இருந்தான்.

"ஜல்தி போயி ஆளுங்கள இட்டுக்கினு வா மாப்ள" என்றான்.

நான் அவன் இடுப்பிலிருந்த தோண்டியை அவிழ்த்துக்கொண்டேன். நல்ல பசுநெய். யுத்தம் நடக்கிற இந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கே திண்டாட்டம், அதைச் சேற்றில் விட்டுவிட்டுப் போவது பாவம். ஒரு தோண்டி நெய் மறுநாள் சாயங்காலம்வரை எரியும். நான் இரண்டையும் ஊற்றினேன். எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஊருக்குள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சிரித்த அதே ஆட்கள்தான். தேவநாதன் வெட்கப்பட்டு மலைக்கு அந்தப் பக்கமாக இறங்கி, பிரம்மதேசம் வழியில் போய்விட்டான் என்றேன். வழக்கம் அப்படி என்பதால் யாரும் மறுத்துக் கேட்கவில்லை.

என் மனைவி கிருஷ்ணவேணி மட்டும் மறுநாள் காலையில் அடுப்பை விட்டுவிட்டு வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் கொரலு மாதிரி கேக்குதுங்க. நான் ஒரு நட மேல போய்ப் பாத்துட்டு வர்றேன்."

"ஏரி ரொம்பியிருக்குது, தவள கத்துது. வெளக்கு எரியறப்ப நீ ஏறினா ஊருல ஒரு பயிரு வெளையாது. அப்புறம் ஊரு உன்ன சும்மா வுடுமா?"

பெரியவர்களும் நான் சொன்னதே சரி என்றார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றும் மறுநாளும் அவள் சாப்பிடவில்லை. அது அவள் இஷ்டம்.

தீபத்துக்கு மறுநாள் மாலை விளக்கு மங்கி மங்கி எரிந்தது. காற்று என்றார்கள். நானும் காற்று என்றேன். பிறகு பழையபடி நின்று எரிந்தது. எங்கள் ஊரில் தீபம் இத்தனை நாள் எரிந்ததே இல்லை என்று இரண்டு தெருவும் சேர்ந்து கும்பிட்டது.

அதற்கு அடுத்த நாள் விளக்கு அணைந்ததும் முதலில் எங்கள் மடையைத் திறந்துவிட்டோம். அப்புறம்தான் மலையேறினோம். தேவநாதன் நான் விட்ட இடத்தில் இல்லை. விளக்கு அணைந்தால்தான் ஆள் வரும் என்று அவனுக்கும் தெரியும். முறிந்த காலை இழுத்துக்கொண்டு உச்சிவரை ஊர்ந்து போய், கொப்பரையைத் தாங்குகிற கல்லைக் கட்டிப் பிடித்தபடி செத்துக் கிடந்தான். கொப்பரையின் விளிம்பெல்லாம் அவன் கைச்சேறு. உள்ளே கரிந்த திரியைச் சுற்றியும் பிடிபிடியாக அள்ளிப் போட்ட சேறு. கிருஷ்ணவேணி அந்தச் சேற்றைப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த இரண்டு தோண்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அங்கிருந்தே இறங்கி நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்த பிறகும் எங்கள் தெருவில் எவனும் அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று மடையை அடைக்கவில்லை. போய்ப் பாருங்கள், இப்போதும் பாய்ந்துகொண்டிருக்கும்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். ஊரே கும்பிட்ட விளக்கைச் சேறு போட்டு அணைக்கப் பார்த்தவன் அவன். அது அணையாமல் எரிய நெய் ஊற்றியவன் நான்.