மூன்று புகார், ஒரு ஒப்புதல்

வாக்குமூலம் அளிப்பவர்: விமான நிறுவனத்தின் பாதுகாப்புச் சரிபார்ப்பாளர், வயது நாற்பத்தாறு, பணியாளர் குடியிருப்பு, இரண்டாம் தளம், லிஃப்டை ஒட்டிய வீடு. விசாரணை அதிகாரி முன்பு காலை பத்தேகால் மணிக்குச் சொல்ல, எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசிக்கிறேன். பதினெட்டு வருடமாக இதே வேலை. விமானங்களைச் சோதிக்கும் பொறுப்பை அரசாங்கம் விமான நிறுவனத்திடமே விட்டிருப்பதால் சம்பளம் வாங்குவது நிறுவனத்தில், கையெழுத்துப் போடுவது அரசுக்காக. என் தங்கையின் கணவரான மாப்பிள்ளை இங்கேயே விமானி. பரீட்சையும் நீங்களே எழுதி மார்க்கும் நீங்களே போடுகிறீர்கள் என்று என்னைக் கிண்டல் செய்வார். நானும் சிரிப்பேன்.

விமானிகளின் புகார்களை முதலில் கணினி படிக்கும். ஒரு விமானத்தில் ஒரே குறை மூன்று முறை வந்தால் அதை நிறுத்திச் சோதிக்க வேண்டும். ஆனால் ஒருவரே இரண்டு தடவை அனுப்புவதும் உண்டு என்பதால், ஒன்றுபோல் இருப்பவற்றைக் கணினி ஒரே புகாராகச் சேர்த்துவிடும். சேர்த்தது சரியா என்று படித்து ஒப்புதல் தருவது என் வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது ஐம்பதை மொத்தமாகத் தேர்ந்து ஒரே அழுத்தில் ஒப்புதல் தருவோம். எங்கள் பிரிவில் அதற்குப் பச்சை அடிப்பது என்று பெயர்.

விபத்துக்குள்ளான விமானத்தில், தரையைத் தொடும் முன்பே தானியங்கிக் கருவி தானாகவே இன்ஜினின் விசையைக் குறைத்துவிடுவதாகச் சென்ற மாதம் நான்காம் தேதி ஒரு விமானி எழுதினார். அதன் பிறகு ஒன்பதாம் தேதி இன்னொருவர். அதன் பிறகு பதினொன்றாம் தேதி மாப்பிள்ளை எழுதிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து, "மச்சான், நான் எழுதினத நீங்களே ஒரு தடவ படிங்க" என்றார். நாளைக்கே பார்க்கிறேன் என்றேன்.

மறுநாள் மதியம் மூன்றும் ஒன்றாகி, திரையில் இருந்த ஐம்பத்திரண்டில் ஒரு வரியாக இருந்தது. நான் எதையும் திறக்கவில்லை. பச்சை அடித்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன்.

பதினாறாம் தேதி மாப்பிள்ளைக்கு அதே விமானம் ஒதுக்கப்பட்டது. புகார் பார்க்கப்பட்டது, பறக்கலாம் என்ற தாளில் என் ஒப்புதல் இருந்ததால், வேறு யாரையும் கேட்காமல் எடுத்துப் போனதாகப் பிறகு தெரிந்தது. காலை எட்டு இருபதுக்கு ஓடுபாதைக்கு நானூறு மீட்டர் முன்னால் விழுந்தது. அவரோடு பதினோரு பேர் இறந்தார்கள். உடலை அடையாளம் காட்டியது நான். அதற்கான தாளை முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அதன் பிறகு மூன்றாம் நாள் தங்கை, "அண்ணா, அவர் எழுதினத நீ படிச்சியா?" என்றாள்.

"படிச்சேம்மா" என்றேன்.

"அப்ப சரி" என்று சொல்லி எனக்குச் சாப்பாடு போட்டாள். நான் சாப்பிட்டேன்.

அவளிடம் சொன்னது பொய். இங்கே சொன்னதில் பொய் இல்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. இதன் நகலைத் தங்கைக்குக் கொடுக்க எனக்கு ஆட்சேபணை இல்லை. அதிகாரிகளே கொண்டுபோய்க் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்)